கம்பி போய்விட்டது, காசு வரவில்லை: 45 நாள் விதியில் பட்டறைக்காரர்கள் சறுக்கும் இடங்கள்

கோவைப் பக்கம் கம்பி இழுக்கும் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், ஒரு பிளாஸ்டிக் பை நிறைய பில்களோடு என்னிடம் வந்தார். போல்ட், நட்டு செய்யும் பெரிய நிறுவனம் ஒன்றுக்குக் கம்பி அனுப்பிப் பத்து மாதம் ஆகியும் பணம் வரவில்லை. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் வர வேண்டும் என்கிற சட்டம் முழுக்க அவர் பக்கம் இருந்தது. ஆனால் உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) சான்றிதழைப் பார்த்தால், தொழில் என்ற இடத்தில் 'மொத்த வணிகம்' என்று இருந்தது. இரண்டு அனீலிங் (கம்பியைச் சூடாக்கி மென்மையாக்கும்) உலையும் ஆறு இழுவை இயந்திரமும் ஓடுகிற இடத்தை, பதிவு செய்து கொடுத்த இடைத்தரகர் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு கடை என்று எழுதிவிட்டிருந்தார். கடைக்காரருக்கு இந்தச் சட்டத்தில் இடம் இல்லை. உத்யம் பதிவுக்கு அரசு ஒரு பைசா கட்டணம் வாங்குவதில்லை என்பதையும் அவருக்கு அன்றுதான் சொன்னேன்.

கம்பி, குழாய்த் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கழுத்துப்பிடி புதிதல்ல. வயர் ராடும் சுருள் தகடும் வாங்கும்போது முன்பணம் கட்டினால்தான் லாரி கிளம்பும். விற்கும்போது 90 நாள், 120 நாள். இடையில் இரும்பு விலை ஏறினால் அடுத்த லோடுக்குப் பணம் போதாது. இறங்கினால் வாங்குகிறவர் பழைய விலையைக் கொடுக்கத் தயங்குவார். 2025 ஏப்ரலில் தகடு இறக்குமதிக்கு 12 சதவீதப் பாதுகாப்பு வரி போட்டார்கள். அது பெரிய உருக்காலைகளுக்கான பாதுகாப்பு. அதே தகட்டை வாங்கிக் குழாய் செய்கிற சிறிய ஆலைக்கு யார் பாதுகாப்பு என்று கேட்டால் பதில் வராது. சிறியவர்களுக்கென்று கையில் இருக்கும் உருப்படியான ஆயுதம், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தில் உள்ள தாமதப் பணம் பற்றிய சில பிரிவுகள்தான்.

விதி இவ்வளவுதான். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியானாலும் 45 நாளைத் தாண்டாமல், வாங்கியவர் பணம் தர வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 5.75 என்று வைத்துக்கொண்டால் வட்டி 17.25 சதவீதம். பத்து லட்சத்துக்கு ஆறு மாதத் தாமதம் என்றால் ஏறக்குறைய 89,400 ரூபாய். "நாங்கள் 120 நாள் என்று பர்ச்சேஸ் ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே" என்று பலர் என்னிடம் தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறார்கள். குனிய வேண்டியதில்லை. 45 நாளுக்கு மேல் எழுதிய காலக்கெடு இந்தச் சட்டத்தின் முன் செல்லாது.

இனி, சறுக்கும் இடங்கள்.

முதலாவது, மேலே சொன்ன வணிகப் பொறி. 2021 ஜூலையில் வணிகர்களையும் உத்யம் பதிவுக்குள் விட்டார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அது வங்கியின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்; தாமதப் பணப் பிரிவுகள் அவர்களுக்குக் கிடையாது. குழாய் வாங்கி, அறுத்து, விளிம்பு தேய்த்து, துளை போட்டு அனுப்புகிறவர்கள் செய்வது வேலை. அதை 'வாங்கி விற்பது' என்று பதிந்திருந்தால் இன்றே திருத்துங்கள். திருத்தம் செய்யவும் கட்டணம் இல்லை. தொழில் வகைக் குறியீடு 45, 46, 47 என்று தொடங்கினால் அது வணிகம். நீங்கள் கொஞ்சம் உற்பத்தி, கொஞ்சம் வணிகம் என்று இரண்டும் செய்பவரானால், பில்லில் அவற்றைக் கலக்காதீர்கள். ஒரே பில்லில் உங்கள் கம்பியும் வெளியில் வாங்கிய கம்பியும் இருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு நீங்களே விருந்து வைத்ததுபோல.

இரண்டாவது, தேதி. சரக்கு அனுப்பிய பிறகு, பணம் வராத கோபத்தில் உத்யம் பதிவு செய்து மனுப் போடுகிறவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன். பதிவுக்கு முன் போன சரக்குக்குப் பின்னால் வாங்கிய பதிவைக் காட்டி உரிமை கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் சொன்னது. 2025 ஜனவரியில் வேறு இரு நீதிபதிகள் அதை வேறுவிதமாகப் பார்த்து, கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பெரிய அமர்வு என்ன சொல்லும் என்று காத்திருப்பது உங்கள் வேலை அல்ல. முதல் லோடு ஏறுவதற்கு முன் பதிவு இருக்கட்டும். உத்யமுக்கு முன்பிருந்த பழைய பதிவான உத்யோக் ஆதார் தாளை இன்னும் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அதன் ஆயுள் 2022 ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்தது.

மூன்றாவது, அளவு. இந்தப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும். நடுத்தரம் என்று ஆகிவிட்டால், சட்டத்தின் பெயரில் நீங்கள் இருப்பீர்கள், பயனில் இருக்க மாட்டீர்கள். இரும்புத் தொழிலில் இது கொடுமையான பொறி, ஏனென்றால் நம்முடைய விற்றுமுதல் பெரிது, லாபம் சிறிது. மாதம் 750 டன் ஓட்டும் குழாய் ஆலை, கிலோ 55 ரூபாய்க்கு விற்றால் வருடத்துக்கு 49.5 கோடி, 60 ரூபாய் ஆனால் 54 கோடி. சிறு நிறுவனத்துக்கான பழைய வரம்பு 50 கோடி. அதாவது ஒரு டன் கூடுதலாக ஓட்டாமலே, விலை ஏறியதற்காகவே நீங்கள் நடுத்தரம். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்பு 100 கோடியாகவும், இயந்திர முதலீட்டு வரம்பு 25 கோடியாகவும் ஆனதால் இப்போது மூச்சு விடலாம். பழைய வரம்பில் நடுத்தரமாகிப் போனவர்கள் தங்கள் சான்றிதழில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்தார்களா? பெரும்பாலும் பார்க்கவில்லை. ஏற்றுமதி விற்பனை இந்தக் கணக்கில் சேராது என்பதும் பலருக்குத் தெரியாது.

நான்காவது, ஷெட் கட்டிக் கொடுப்பவர்கள். குழாயும் ஆங்கிளும் கொண்டுபோய் அங்கேயே வெல்டிங் செய்து கூரை நிறுத்துகிற வேலையை 'ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்' என்பார்கள். அது இந்தச் சட்டத்துக்குள் வராது என்று மும்பை உயர் நீதிமன்றம் உள்ளிட்ட நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆகவே ஆர்டர் வாங்கும்போதே, சரக்குக்கு ஒன்று, நிறுத்தும் வேலைக்கு ஒன்று எனத் தனித்தனியாக வாங்க முடியுமா என்று பாருங்கள். பின்னால் பில்லை மட்டும் பிரிப்பதால் பயன் குறைவு. கால்வனைசிங் (துத்தநாகப் பூச்சு), இழுவை, அனீலிங் என்று பிறர் சரக்கில் கூலிக்கு ஜாப் ஒர்க் செய்பவர்கள் பயப்பட வேண்டாம். சேவையும் சட்டத்தில் இருக்கிறது.

அதிகம் பேரைக் கவிழ்ப்பது இவை எதுவும் அல்ல. 'சரக்கு சரியில்லை' என்ற ஒற்றை வரிதான்.

எட்டு மாதம் அமைதியாக இருப்பார்கள். நீங்கள் நோட்டீஸ் அனுப்பிய மறு வாரம் தர வேண்டிய பணத்தில் கழித்துக்கொள்வதாக ஒரு டெபிட் நோட் வரும்: விட்டம் கூடுதல், துத்தநாகப் பூச்சு குறைவு, குழாய் வட்டமாக இல்லை, துரு. சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், இறக்கிய நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகத்தான் பொருள். ஆனால் இறக்கிய நாள் எது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். அங்கேதான் நம் ஆட்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள். டிரைவர் கொண்டுவந்த டெலிவரி சலானில் கேட் முத்திரை இருக்காது, அல்லது முத்திரை இருக்கும், தேதி இருக்காது. இ-வே பில், எடைமேடைச் சீட்டு, டெஸ்ட் சர்டிபிகேட், முத்திரையிட்ட சலான் இவை நான்கையும் ஒவ்வொரு பில்லோடும் சேர்த்துப் பின் போட்டு வையுங்கள். 'தரப் பரிசோதனை முடிந்த பிறகே ஏற்பு' என்று ஆர்டரில் எழுதி, பரிசோதனையை இரண்டு மாதம் இழுக்கிற வழக்கம் உண்டு. 16ஆம் நாள் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: இந்தத் தேதியில் சரக்கு இறங்கியது, இதுவரை ஆட்சேபம் வரவில்லை. அவ்வளவு போதும். சண்டை போடத் தேவையில்லை.

எதிர்த்தரப்பு தன் பங்குக்கு ஒரு கோரிக்கையை, இந்த மனுக்களை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்திலேயே வைக்கலாம் என்றும், மத்தியஸ்தத் தீர்ப்புக்குக் காலவரம்புச் சட்டம் பொருந்தும் என்றும் 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே மூன்று வருடத்தைத் தாண்ட விடாதீர்கள். ஒவ்வொரு மார்ச் மாதமும் பாக்கித் தொகையை உறுதிசெய்து ஒரு கடிதம், அவர்கள் கையெழுத்தோடு வாங்கிவிட்டால் அந்தக் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

மனுவைப் பற்றி. இணையத்தில் சமாதான் தளம் 2017 முதல் இருக்கிறது. 2025 ஜூனில் ஓடிஆர் (இணையவழித் தகராறு தீர்வு) என்று இன்னொரு தளமும் திறந்தார்கள். ஒரு தளத்தில் தீராத குறைக்கு இன்னொரு தளம் திறப்பது நம் அலுவலகங்களுக்குப் பிடித்த வைத்தியம். இப்போது எதில் பதிய வேண்டும் என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பதிலை வாய்மொழியாக வாங்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை என நான்கு இடங்களில் வசதியாக்க மன்றம் இருக்கிறது. வாங்கியவர் புனேயில் இருந்தாலும் குர்கானில் இருந்தாலும் வழக்கு உங்கள் ஊர் மன்றத்தில்தான். 'தகராறு எங்கள் ஊர் நீதிமன்றத்துக்கு உட்பட்டது' என்று ஆர்டரின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டி மிரட்டினால் மிரளாதீர்கள்.

சட்டம் மன்றத்துக்கு 90 நாள் கெடு வைத்திருக்கிறது. அந்த 90 நாளில் முடிந்த வழக்கை நான் கண்ணால் பார்த்ததில்லை. மனு திரும்பி வரும் காரணங்கள் அற்பமானவை. ஜிஎஸ்டி பதிவில் 'ஸ்டீல்ஸ்', உத்யமில் 'ஸ்டீல்', பில்லில் உரிமையாளர் பெயர். ஸ்கேன் செய்த பில்லில் எண் தெரியவில்லை. உத்யமில் பழைய வாடகை ஷெட்டின் முகவரி. தம்பி பெயரில் இருக்கும் நிறுவனத்தின் பில்லையும் சேர்த்துப் போட்டது. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் போகும். முதல் முறையே வட்டிக் கணக்கைப் பில் வாரியாகத் தனித் தாளில் போட்டு இணையுங்கள். மொத்தமாக ஒரு தொகை எழுதினால் கேள்வி வரும். கேள்வி என்றால் இன்னொரு வாய்தா.

முதலில் சமரசப் பேச்சு நடக்கும். அங்கே வாங்கியவர் அசலை மட்டும் நீட்டி, 'இனி எந்தப் பாக்கியும் இல்லை' என்று கடிதம் கேட்பார். கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் நிலைமையைப் பொறுத்தது. வங்கிக்காரர் வாசலில் நிற்கும்போது வட்டியை விட்டுக்கொடுப்பதில் அவமானம் இல்லை. ஆனால் பணம் கணக்கில் ஏறுவதற்கு முன் அந்தக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். பின்னால் வரும் தேதி போட்ட காசோலையை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்றும் அலைகிறவர்களை எனக்குத் தெரியும்.

மன்றத்துக்குப் போனால் அடுத்த ஆர்டர் வராது. இந்த உண்மையை எந்த அரசுக் கையேடும் சொல்வதில்லை. உறவு முறிந்த இடத்தில் மட்டும் மனுப் போடுங்கள். உறவு ஓடுகிற இடத்தில் வேறு இரண்டு நெம்புகோல்கள் உண்டு. ஒன்று வருமான வரி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், காலக்கெடுவைத் தாண்டிய பாக்கியை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும். ஆடிட்டர்கள் 43பி(எச்) என்று சொல்வது இதைத்தான். சில வாங்குகிறவர்கள் இதற்குக் கண்ட மருந்து, "உத்யம் எண்ணை ரத்து செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை" என்பது. ரத்து செய்யாதீர்கள், மறுபடி பதியும்வரை நடுவில் போகும் ஒவ்வொரு லோடும் நிராதரவு. உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடித்து, ஏப்ரல் தோறும் சான்றிதழை மின்னஞ்சலில் அனுப்புங்கள். 'நீங்கள் சிறு நிறுவனம் என்று எங்களுக்குத் தெரியாது' என்ற சாக்கு அதோடு தீர்ந்தது.

இரண்டாவது, வாங்கியவர் கம்பெனியாக இருந்தால், குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருப்பதை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கம்பெனிப் பதிவாளரிடம் படிவம் 1இல் சொல்ல வேண்டும். ஏப்ரல் 30, அக்டோபர் 31 என்று கெடு. அதற்கு ஒரு மாதம் முன்பு, 'எங்கள் பாக்கியையும் அதில் சேர்த்திருப்பீர்கள் என நம்புகிறோம்' என்று மரியாதையாக ஒரு கடிதம் கணக்குப் பிரிவுத் தலைவருக்கு அனுப்புங்கள். பில் பாஸாகவில்லை, சார் லீவில் இருக்கிறார் என்று அலைக்கழித்தவர்கள் பிறகு தாமே கூப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு இடத்தில் மட்டும் பொறுமை கூடாது. வாங்குகிற நிறுவனம் சம்பளமே கொடுக்கத் திணறுகிறது என்று தெரிந்தால் உடனே மனுப் போடுங்கள். 2017இல் ரிசர்வ் வங்கி திவாலுக்கு அனுப்பிய 12 பெரிய கடன் கணக்குகளில் எஸ்ஸார் ஸ்டீல், பூஷன் ஸ்டீல் உட்பட ஐந்து உருக்குக் கம்பெனிகள். திவால் வழக்கு ஏற்கப்பட்ட நாளில் மற்ற எல்லா வசூல் நடவடிக்கையும் நின்றுவிடும். அதன்பின் வங்கிகளுக்குப் பின்னால் நீங்கள் வரிசையில் நிற்க வேண்டும்.

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால், எதிர்த்துப் போக நினைக்கும் வாங்குபவர் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை நீதிமன்றத்தில் கட்டியாக வேண்டும். பாதிப் பேர் இங்கேயே பேச்சுவார்த்தைக்கு வந்துவிடுவார்கள். வராதவர்மேல் நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு. அப்போது முதலில் கேட்பது, எந்த வங்கிக் கணக்கை முடக்க வேண்டும் என்பதைத்தான். எப்போதோ அவர்கள் கொடுத்த பழைய காசோலையின் நகலில் அந்த வங்கியும் கணக்கு எண்ணும் இருக்கும். வங்கியில் போடுவதற்கு முன் ஒவ்வொரு காசோலையையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.