கணக்குக்கும் ரேட்டிங் உண்டு

ஒரு வாசகியின் கேள்வி: “ஆப்பில் கணக்குப் போடும் மகள் முதல் வாரம் ஸ்டாராகக் குவித்தாள். அப்புறம் தொடவே இல்லை. ஏன்?”

ஸ்டார், பேட்ஜ், முதலிடப் பட்டியல் எல்லாம் மேல்பூச்சு. கணக்கு ரொம்பச் சுலபமானால் சலிக்கும், கஷ்டமானால் பயம் வரும். அந்தந்தப் பிள்ளைக்கு ஏற்ற கஷ்டத்தை யார் அளப்பது?

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக உளவியலாளர்கள் உருவாக்கிய ‘ரேக்கன்டௌன்’ (கணக்குத் தோட்டம்) என்ற கணக்குப் பயிற்சித் தளம் இதற்குச் செஸ்ஸிலிருந்து வழி எடுத்தது. இயற்பியல் பேராசிரியர் அர்பாத் ஈலோ வகுத்த, ஆட்டக்காரரின் பலத்தைப் புள்ளியாகக் காட்டும் ரேட்டிங் முறையை உலக செஸ் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றது. பலசாலியை வென்றால் புள்ளி நிறைய ஏறும், பலவீனரை வென்றால் கொஞ்சம்தான். ரேக்கன்டௌனில் பிள்ளையின் எதிராளி கணக்குதான்! பிள்ளை சரியாகப் போட்டால் கணக்கின் ரேட்டிங் இறங்கும்; தவறினால் ஏறும். எது கடினம் என்று எந்த ஆசிரியரும் குறித்துக் கொடுக்க வேண்டியதில்லை, பிள்ளைகளின் விடைகளே தீர்மானித்துவிடுகின்றன. பிறகு, சராசரியாக நான்கில் மூன்றைப் பிள்ளை சரியாகப் போடக்கூடும் எனத் தோன்றும் கணக்குகளாக வரும். பிள்ளை விரும்பினால் இதைச் சுலபமாகவோ கடினமாகவோ மாற்றிக்கொள்ளலாம்.

என்னை மயக்கியது நாணயக் கணக்கு. திரையில் 20 நாணயங்கள், நொடிக்கு ஒன்றாக மறையும். ஐந்தாம் நொடியில் சரியான விடை தந்தால் மீதி 15 உங்களுக்கு. தவறென்றால் அதே 15 போச்சு! குருட்டாம்போக்கில் தட்டுகிறவர் நிறைய இழப்பார், யோசித்துத் தவறுகிறவருக்கு இழப்பு குறைவு. தெரியாவிட்டால் கேள்விக்குறியை அழுத்தலாம். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இந்த வரவுசெலவே ரேட்டிங்கையும் நகர்த்துவதால், விடை தெரிந்தவரும் விரைவாகத் தெரிந்தவரும் தனித்தனியே அடையாளம் காணப்படுகிறார்கள். பரிசளிப்பதும் அளப்பதும் ஒரே சூத்திரத்தில் நடக்கிறது.

நாணய ஆசையில் கணக்கின் ருசி போய்விடாதா? நியாயமான பயம்தான். 1973-இல் உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் நடத்திய ஆய்வில், பரிசு உண்டென்று முன்கூட்டியே சொல்லப்பட்டுப் படம் வரைந்த மழலைகள் பின்னர் தாமாக வரைவது குறைந்தது. பரிசை எதிர்பாராமல் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. ஆகவே நாணயத்தைவிட, சரியான அளவில் வரும் அடுத்த கணக்கைத்தான் நான் நம்புவேன். ஆனால் படிப்பு ஆப் விற்கும் கம்பெனிகள் நாணயத்தைத்தான் முதலில் நகலெடுக்கின்றன. அளவெடுக்கும் உளவியலாளருக்குச் சம்பளம் தர மனம் வருவதில்லை.