வாசலில் சொட்டும் ஆயிலும் கடற்கரை உப்பும்

காலையில் காரை எடுத்த இடத்தில் கறை தெரிந்தால், "ஆயில் சீல் போயிருச்சு" என்று சொல்லி, ஆயில் வெளியே வராமல் தடுக்கும் அந்த ரப்பர் வளையத்தை மாற்றிவிடுகிறோம். சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடியும் கறை. பாம்பன், மண்டபம், கீழக்கரை போல உப்புக்காற்று ஓயாத ஊர்களில், சீல் ஏன் போனது என்று பார்க்காமல் புதுசு போடுவது பணத்துக்குத்தான் கேடு.

முதலில் சொட்டுவது எது என்று தெரிய வேண்டும். இரவில் இன்ஜினுக்குக் கீழே ஓர் அட்டையை விரித்து வையுங்கள். கறுப்பாக, கருகிய வாடையோடு இருந்தால் இன்ஜின் ஆயில். கியர் ஆயிலை மூக்கே காட்டிக்கொடுக்கும்: அதில் சேர்க்கும் கந்தகச் சேர்மங்களால் அழுகிய முட்டை போல நாறும், விரலில் தொட்டால் கனமாக இழுபடும். கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் போகும் திரவம் தண்ணீர் போல மெல்லியது. சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். ஆயில் மிதக்கும், டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் கரைந்துவிடும். கூலன்ட்டும் கரையும், ஆனால் பச்சை, சிவப்பு என்று நிறம் இருக்கும். வெறும் தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வருவது, கவலை வேண்டாம்.

அடுத்தது, எங்கிருந்து வருகிறது? ஓடும்போது காற்று ஆயிலைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். சொட்டும் இடமும் கசியும் இடமும் வேறு வேறாக இருக்கும். அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவி, ஆயில் பிசுக்கை டீகிரீசரால் துடைத்து, காய்ந்த பிறகு முகப் பவுடரைத் தூவுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஈரம் தெரிவதில் மேலேயும் முன்னேயும் இருக்கும் இடம்தான் மூலம். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்திலுள்ள கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டினால், இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின் சீல், கியர் பாக்ஸுக்குள் நுழையும் தண்டான இன்புட் ஷாஃப்ட்டின் சீல் என இரண்டில் ஒன்று. சில கார்களில் உள்ளேயே இருந்து திரவ அழுத்தத்தால் கிளட்ச்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டராகவும் இருக்கலாம். எது என்பதை வாடை சொல்லிவிடும். எதுவானாலும் கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும். இறக்கியபின் மற்றவற்றையும் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். சக்கரத்தின் உள்பக்கம் கெட்டியான கிரீஸ் தெறித்திருந்தால் அது ஆயில் ஒழுக்கு அல்ல, ஆக்சில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான ஆக்சில் பூட் கிழிந்திருக்கிறது. மணல் உள்ளே போவதற்குள் மாற்றுங்கள்.

சீல் என்பது ரப்பர் உதடு ஒன்று, அதைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங். ஸ்பிரிங் உதட்டைச் சுழலும் ஷாஃப்ட்டின் மேல் அழுத்திப் பிடிக்கிறது. உதடு உட்காரும் இடத்தில் துருப்பிடித்து ஊசிமுனை அளவு குழிகள் விழுந்துவிட்டால், புது ரப்பரையும் அது ரம்பம் போல அறுத்துவிடும். நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டுப்பட்டால் சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை. அலுமினிய கேசிங்கில் எஃகு போல்ட் இறங்கும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருப்பதும் உப்பின் வேலைதான். உப்பு ஈரம் பட்டதும் இரண்டு உலோகங்களும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரியாகிவிடும், கரைவது அலுமினியம்.

பலரும் பார்க்காமல் விடுவது பிரீதரை. கியர் பாக்ஸின் மேலே இருக்கும் மூச்சுத் துளை அது. உள்ளே 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேறும்போது காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆடிக் காற்றில் பறக்கும் மணலும் உப்பும் துளையை அடைத்துவிட்டால், அந்த அழுத்தம் ஆயிலைச் சீல் வழியே வெளியே தள்ளும். இது நல்ல சீலிலும் நடக்கும். சூடான கியர் பாக்ஸோடு கடல்நீரில் இறங்கினால் எதிர்மாறாக நடக்கும்: குளிரும்போது உள்ளே உறிஞ்சும். தனுஷ்கோடிப் பக்கம் தண்ணீரில் ஓட்டியபின் ஆயில் டீ நிறத்தில் கலங்கியிருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

கியர் பாக்ஸிலிருந்து ஆக்சில் வெளியே வரும் இடத்திலுள்ள சீலை மாற்றும்போது ஜாக்கியை மணலில் வைக்காதீர்கள்; கெட்டித் தரையில் நிறுத்தி, ஸ்டாண்டு கொடுத்த பிறகே கீழே போங்கள். கியர் ஆயிலை வடிக்கும் ட்ரெயின் பிளக்கைத் தொடுவதற்கு முன், ஆயில் ஊற்றும் ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். அது துருவால் இறுகியிருக்க, ஆயிலை வடித்துவிட்டால் திரும்ப ஊற்ற வழியில்லை. ட்ரெயின் பிளக்கில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு, உலோகத் துண்டு இருந்தால் கியர் தேய்கிறது. பழைய சீல் இருந்த ஆழத்தை அளந்துகொண்டு, புதுச் சீலின் உதட்டில் கியர் ஆயிலைத் தடவி, அதன் வெளிவிளிம்புக்குப் பொருந்தும் குழாய்த் துண்டை வைத்து நேராகத் தட்டி இறக்குங்கள். ட்ரெயின் பிளக்குக்குப் புது வாசர் போடுங்கள். சின்ன கார்களில் ஏறத்தாழ 2 லிட்டர் கியர் ஆயில் பிடிக்கும். எந்த கிரேடு என்பதை கார் கையேட்டில் பார்த்து வாங்குங்கள். ஜிஎல்-4 கிரேடு கேட்கும் கியர் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால், கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் பித்தளை சின்க்ரோ வளையங்கள் அரிக்கப்படலாம். காரைச் சமமாக நிறுத்தி, ஃபில்லர் துளையின் கீழ்விளிம்பு வரை நிரம்பியதும் மூடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் அட்டையை விரித்துப் பாருங்கள்.