12 லட்சம் வரை வரி இல்லை: நிதியமைச்சர் அடைப்புக்குறிக்குள் சொன்னது

2025 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் உரையில் படித்த ஒரு வாக்கியம் இன்றும் எல்லோர் நினைவிலும் நிற்கிறது: ‘12 லட்சம் வரை வருமான வரி இல்லை.’ சம்பளத்திலிருந்து நேராகக் கழிக்கும் நிலையான கழிவு 75,000 இருப்பதால் சம்பளக்காரர்களுக்கு அது 12.75 லட்சம் என்றும் சொன்னார். ஆனால் அந்த வாக்கியத்தின் நடுவே, அடைப்புக்குறிக்குள், இன்னும் சில சொற்கள் இருந்தன. மூலதன ஆதாயம் (பங்கு, வீடு போன்றவற்றை விற்ற லாபம்) போன்ற தனி விகித வருமானம் இதில் சேராது என்பதை அமைச்சர் அங்கேயே சொல்லிவிட்டார். சலுகை, கழிவுகளும் விகிதங்களும் குறைந்த புதிய வரி முறைக்கு மட்டும்தான் என்பதும் அதே வாக்கியத்தில் இருந்தது. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் மணலியிலும் ரிட்டன் போட வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் சிக்கல்களில் பாதிக்கு மேல், காதில் விழாமல் போன இந்தச் சொற்களில்தான் தொடங்குகின்றன.

கீழே வரும் கணக்குகள் 2025-26 நிதியாண்டில் சம்பாதித்த வருமானத்துக்கானவை. 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்களை மாற்றினாலும், 2025-26 வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். அதனால் பழைய எண்களையே சொல்கிறோம்.

விலக்கு வேறு, தள்ளுபடி வேறு

புதிய முறையில் அடிப்படை விலக்கு வரம்பு 4 லட்சம்தான். 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் 30 சதவீதம். இந்தக் கணக்குப்படி 12 லட்சத்துக்கு வரி 60,000 ரூபாய் வருகிறது. அந்த 60,000-ஐ 87ஏ பிரிவு தள்ளுபடி செய்கிறது. வரி போட்டு, அதன் பிறகு தள்ளுகிறார்கள். ‘வரி இல்லை’ என்பது கடைசியில் வரும் விடை, தொடக்கத்தில் இருக்கும் விலக்கு அல்ல.

சொல் விளையாட்டு போலத் தோன்றும். பணம் போவது இங்கேதான். கழிவுகளுக்கு முந்தைய மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டன் போடுவது கட்டாயம், வரி பூஜ்யம் என்றாலும். ‘டாக்ஸே இல்லையே, எதுக்கு ஃபைல் பண்ணணும்?’ என்று விட்டுவிட்டுத் தாமதமாகப் போட்டால், வருமானம் 5 லட்சத்துக்கு மேல் இருப்பவருக்கு 5,000 ரூபாய் கட்டணம். அதற்குக் கீழ் 1,000. ஒரு ரூபாய் வரி இல்லாதவர் 5,000 கட்டுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. சம்பளக்காரர்களுக்குக் கெடு ஜூலை 31. வங்கி வட்டியில் முன்கூட்டியே பிடித்த வரியான டி.டி.எஸ். திரும்ப வர வேண்டும் என்றாலும் ரிட்டன்தான் வழி.

இன்னொரு பயம், வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டால் 60,000 முழுவதும் போய்விடும் என்பது. மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் சிலர் இதனாலேயே மார்ச் மாத ஓ.டி.யை வேண்டாம் என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. சம்பளம் 12,85,000 என்று வையுங்கள். நிலையான கழிவு போக 12,10,000. ஸ்லாப்படி, அதாவது மேலே சொன்ன அடுக்கு விகிதப்படி, வரி 61,500. ஆனால் 12 லட்சத்தைத் தாண்டிய தொகை 10,000 மட்டுமே என்பதால், மார்ஜினல் ரிலீஃப் என்ற நிவாரணம் வரியை அந்த 10,000-க்குள் நிறுத்திவிடும். வரியின் மேல் போடும் 4 சதவீத செஸ் சேர்த்து 10,400. அதாவது கூடுதலாக வந்த பத்தாயிரமும், மேலே ஒரு 400 ரூபாயும் போகும், 60,000 போகாது. கழிவு போன வருமானம் சுமார் 12,70,588 ஆகும் வரை இந்த நிவாரணம் உண்டு. அதற்கு மேல் ஸ்லாப் கணக்குதான். அலுவலகம் தரும் வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16-ல் இதைக் கழித்திருக்கிறதா என்று பாருங்கள்; விட்டுவிட்டு அதிகமாகப் பிடித்திருந்தால் ரிட்டனில் திரும்பக் கேட்கலாம்.

பங்கும் பந்தயமும்

அடைப்புக்குறிக்குள் இருந்த சொற்கள் அதிகம் கடிப்பது, மொபைலில் பங்கு வாங்கி விற்கும் இளைஞர்களைத்தான். சம்பளம் 10,75,000, கழிவு போக 10 லட்சம். பட்டியலிட்ட பங்குகளை ஓராண்டுக்குள் விற்றதில் லாபம் 1 லட்சம். மொத்தம் 11 லட்சம், 12-க்குக் கீழே, ஆகவே வரி இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். சம்பளத்துக்கு வரும் 40,000 வரி முழுதும் தள்ளுபடியாகும், உண்மை. பங்கு லாபம் 111ஏ பிரிவின் கீழ் 20 சதவீதத் தனி விகிதத்தில் வருவதால் அதற்குத் தள்ளுபடி கிடையாது. 20,000, செஸ் 800, ஆக 20,800 கட்ட வேண்டும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் முதல் 1.25 லட்சம் லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். எஃப் அண்ட் ஓ எனும் முன்பேர ஒப்பந்த வர்த்தகம் இந்தக் கணக்கில் வராது. அது தொழில் வருமானம், ஸ்லாபுக்குள் போகும், ஐ.டி.ஆர்.-3 படிவத்தில் ரிட்டன் போட வேண்டும். நட்டமானாலும் கெடுவுக்குள் காட்டுங்கள், அடுத்த ஆண்டுகளின் லாபத்தில் கழிக்க உதவும். லாட்டரி, பந்தயம், ஆன்லைன் விளையாட்டில் வந்த வெற்றிப்பணத்துக்கு 30 சதவீதம். தள்ளுபடியும் இல்லை, 4 லட்ச விலக்கும் இல்லை.

டிரெய்லர் வைத்திருப்பவர்கள்

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காக வரிசையில் நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களில் பல, ஒன்றிரண்டு வண்டி மட்டும் வைத்திருக்கும் ஓனர்களுடையவை. 44ஏஇ பிரிவு இவர்களுக்காகவே இருக்கிறது. ஆண்டில் எந்த நேரத்திலும் 10 வண்டிக்கு மேல் இல்லாதவர் கணக்குப் புத்தகம் எழுதாமலே அனுமான வருமானம் காட்டலாம். மொத்த எடை 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு ஒரு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய். அதற்கு உட்பட்ட வண்டிக்கு மாதம் 7,500.

ஆர்.சி.யில் மொத்த எடை 40 டன் என்று இருந்தால் மாதம் 40,000, ஆண்டுக்கு 4.8 லட்சம். இரண்டு டிரெய்லர் என்றால் 9.6 லட்சம், வேறு வருமானம் இல்லாவிட்டால் தள்ளுபடியில் வரி பூஜ்யம். மூன்றாவது வண்டி வந்தவுடன் 14.4 லட்சம். வரி 96,000, செஸ்ஸோடு 99,840. மூன்றாவது வண்டிக்கு ஃபைனான்ஸ் போடும்போதே இந்தத் தொகையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

தவறு நடக்கும் இடங்கள் இவை. வண்டி ஷெட்டில் நின்றாலும் மாதக் கணக்கு ஓடும். ஓட்டிய மாதம் அல்ல, உங்களிடம் இருந்த மாதம்தான் கணக்கு, ஒரு மாதத்தில் சில நாள் இருந்தாலும் அது முழு மாதம். தவணையில் எடுத்த வண்டிக்கும் நீங்கள்தான் ஓனர். டீசல், டிரைவர் பேட்டா, டயர், தேய்மானம் எதையும் தனியாகக் கழிக்க முடியாது, எல்லாம் அந்த ஆயிரத்துக்குள்ளேயே அடக்கம். உண்மையில் லாபம் அதைவிடக் குறைவு என்று காட்ட நினைத்தால் புத்தகமும் எழுத வேண்டும், தணிக்கையும் செய்ய வேண்டும். வாடகை தரும் கம்பெனிக்கு, 10 வண்டிக்கு மேல் இல்லை என்ற உறுதிமொழியைப் பான் எண்ணோடு எழுதிக் கொடுத்தால் 194சி பிரிவில் டி.டி.எஸ். பிடிக்கத் தேவையில்லை. அதைக் கொடுக்காமல் 1 சதவீதம் பிடிபட்டுக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர். ஒரு தாள் வேலைதான் இது.

காசிமேட்டில் படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். மீன்பிடி விவசாய வருமானம் அல்ல. நிலத்தில் விளைவதுதான் சட்டத்தின் கண்ணில் விவசாயம். 44ஏடி பிரிவில் ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம், வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதம் என்று லாபம் காட்டலாம். ஆண்டு விற்பனை 60 லட்சத்தைத் தாண்டினால், வருமானம் 4 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் ரிட்டன் கட்டாயம்.

பூர்வீக வீட்டை விற்கும்போது

வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் தாத்தா காலத்து வீட்டை அண்ணன் தம்பிகள் சேர்ந்து விற்பது வழக்கம். இதுவும் தனி விகித வருமானம், 12 லட்சச் சலுகை இதற்கு வராது. 2024 ஜூலை 23-க்கு முன் கைக்கு வந்த சொத்து என்றால், பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதம், சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற இரண்டில் எது குறைவோ அந்த வரி. 2001-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம். ஆனால் அது அந்தத் தேதியின் வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. மதிப்பீட்டாளர் கூட்டி எழுதித் தருவதை நம்பி ரிட்டன் போட்டால் பின்னால் அடிபடும். முதலில் அந்தத் தேதியின் வழிகாட்டி மதிப்பைத் தேடி எடுங்கள், பிறகு மதிப்பீட்டாளரிடம் போங்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து 26க்யூபி படிவத்தில் கட்ட வேண்டும். 4 பேர் சேர்ந்து 80 லட்சத்துக்கு விற்கிறீர்கள், தலைக்கு 20 லட்சம்தானே என்ற வாதம் 2024 அக்டோபர் 1 முதல் எடுபடாது. எல்லோருடைய பங்கையும் கூட்டித்தான் 50 லட்சத்தைப் பார்ப்பார்கள். விற்ற நால்வருக்கும் அவரவர் பெயரில், அவரவர் பானில் தனித்தனியாகக் கட்டியிருக்கிறார்களா என்று, உங்கள் பானில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் பாருங்கள். மூத்தவர் பானில் மொத்தமாகக் கட்டிவிட்டால், மற்ற மூவருக்கும் அந்தப் பணம் கணக்கில் வராது.

பழைய முறை யாருக்கு?

நிலையான கழிவு போக 12 லட்சத்துக்குள் இருக்கும் சம்பளக்காரருக்குப் புதிய முறையே போதும். அதற்கு மேல்தான் யோசனை. 16 லட்சம் சம்பளத்துக்குப் புதிய முறையில் செஸ்ஸோடு 1,13,100 வருகிறது. பழைய முறையில் இதே அளவுக்கு வர, 50,000 நிலையான கழிவு போக இன்னும் 5,68,750 ரூபாய்க்குக் கழிவு வேண்டும். 80சி பிரிவுச் சேமிப்பு 1.5 லட்சம், வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000 என எல்லாம் சேர்த்தாலும் 3.75 லட்சம்தான். பி.எஃப்., எல்.ஐ.சி. இருப்பதாலேயே பழைய முறை லாபம் என்று நம்புவது பழக்கத்தால் வருவது. பழையதுதான் வேண்டும் என்றால் கெடுவுக்குள் போட வேண்டும்; தாமத ரிட்டனில் அந்த வழி மூடிவிடும்.

ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்பவர்கள்

இதை எவ்வளவு சொன்னாலும் தகும். ஷிஃப்ட் முடிந்து வருபவர்களிடம், ‘பிடிச்ச டாக்ஸ் மொத்தமும் திரும்ப வரும், அதுல இத்தனை சதவீதம் எனக்கு’ என்று பேசும் ஆட்கள் இருக்கிறார்கள். கட்டாத வாடகைக்கு ரசீது, அரசியல் கட்சிக்குக் கொடுக்காத நன்கொடைக்கு 80ஜிஜிசி பிரிவுக் கழிவு, இல்லாத கல்விக்கடன் வட்டி என்று நிரப்புவார்கள். ரீஃபண்ட் வந்தும் விடும். ரிட்டன் அப்போது ஆழமாகச் சரிபார்க்கப்படுவதில்லை. நோட்டீஸ் ஓரிரு ஆண்டு கழித்து வரும்போது, வருமான வரித்துறையின் இணையப் போர்ட்டலில் இருக்கும் மின்னஞ்சலும் மொபைல் எண்ணும் அந்த ஆளுடையதாக இருக்கும், உங்களுக்குத் தகவலே எட்டாது. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடு முழுக்க நடத்திய சோதனை இத்தகைய பொய்க் கழிவுகளைக் குறிவைத்ததுதான். அதில் தமிழ்நாடும் இருந்தது. தவறான விவரம் தந்ததாக முடிவானால் அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேல் வட்டி. கமிஷன் வாங்கிய ஆள் இதில் ஒரு ரூபாய்கூடத் தரமாட்டார்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் வழி உண்டு. நோட்டீஸ் வருவதற்கு முன் ஐ.டி.ஆர்.-யு எனும் புதுப்பித்த ரிட்டன் போட்டு, வரி, வட்டி, கூடுதல் தொகை கட்டிச் சரி செய்யலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்த முதல் ஆண்டில் 25 சதவீதம் கூடுதல், இரண்டாம் ஆண்டில் 50, பிறகு 60, 70. தள்ளிப் போடப் போட ஏறும். முதலில் போர்ட்டலில் உங்கள் சொந்த எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றுங்கள், பாஸ்வேர்டை யாருக்கும் தராதீர்கள்.

நியாயமான ரீஃபண்டும் நின்றுபோக நம் ஊருக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது: இனிஷியல். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், வங்கியில் வெறும் ‘எஸ்.’ என்று இருக்கும். பெயர் பொருந்தாததால் கணக்கு சரிபார்ப்பு தோற்றுப்போகும், பணம் வராது. வங்கியில் பான் நகலைக் கொடுத்துப் பெயரை அதேபோல் மாற்றிக்கொண்டு, போர்ட்டலில் கணக்கை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். ரிட்டன் போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் இ-வெரிஃபை செய்ய வேண்டும், அந்த ஓ.டி.பி. ஆதாரோடு இணைத்த எண்ணுக்குத்தான் வரும், அந்த சிம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று ஜூலைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.