கோபத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 555 புத்தகம் தெரியாதவர் இருக்க முடியாது. உள்ளங்கையில் அடங்கும் குட்டிப் புத்தகம். அரிசி, சார்டின், மைலோ என்று தோட்டத்துச் சனங்கள் காலங்காலமாகக் கடைக்கடன் எழுதியது அதில்தான். சம்பளம் போட்டதும் குறுக்கே ஒரு கோடு. எங்கள் தாமான் குடியிருப்பில் மூன்றாவது வீட்டு அக்கா அதே புத்தகத்தில் வேறொரு கணக்கு எழுதினார். ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்:

"செவ்வாய். சாயங்காலம் 6.50. குளிக்கக் கூப்பிட்டேன். கையைக் கடிச்சான். சுவத்துல தலையை முட்டுனான். சரி வேணாம்னு டிவி போட்டேன். அடங்கிட்டான்."

மகனுக்கு 19 வயது. ஆட்டிசம், பேச்சு வராது. அக்காவை விட ஒரு சாண் உயரம். அவன் முட்டினால் வீட்டுச் சுவர் அதிரும். ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காத்து கருப்பு என்றார்கள், முனீஸ்வரர் கோயிலில் கயிறு கட்டினார்கள். கயிறு கட்டியதில் எனக்குக் குறையில்லை, அன்றைக்காவது அக்கா தூங்கினார். "திமிர்" என்று சொன்னார்களே, அதோடுதான் எனக்குச் சண்டை. அந்தச் சொல் விழுந்ததும் யாரும் மேற்கொண்டு எதையும் கேட்பதில்லை.

இத்துறையில் இதைச் "சவாலான நடத்தை" என்கிறார்கள். யாருக்குச் சவால்? பராமரிக்கிற நமக்கு. பிரச்சினை அவனுக்குள் மட்டும் இல்லை, அவனுக்கும் சுற்றியிருப்பவர்களுக்கும் நடுவில் இருக்கிறது என்று காட்டத்தான் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது இப்போது பலர் வாயில் "திமிர்" என்பதற்கு மரியாதையான மாற்றாகிவிட்டது என்பது வேறு கதை.

அக்காவின் குறிப்பில் மூன்று துண்டுகள் இருக்கின்றன: முன்னால் என்ன, நடந்தது என்ன, பின்னால் என்ன. முதல் இரண்டை யாரும் எழுதிவிடுவார்கள். மூன்றாவதை எழுதத்தான் மனம் வராது, ஏனென்றால் அதில் இருப்பது நாம் செய்தது. "டிவி போட்டேன்" என்ற இரண்டு சொல்லில்தான் விஷயமே இருக்கிறது.

1982-இல் அமெரிக்காவில் பிரையன் இவாட்டாவும் அவருடைய குழுவினரும் இந்த மூன்றாவது துண்டை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோனார்கள். தங்களையே காயப்படுத்திக்கொள்ளும் 9 பேரை, 15 நிமிடக் கூறுகளாக, நான்கு விதமான சூழல்களில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் வேலை கொடுத்து, காயப்படுத்திக்கொண்டால் வேலையை நிறுத்தினார்கள். இன்னொன்றில் கண்டுகொள்ளாமல் இருந்து, காயப்படுத்திக்கொண்டதும் ஓடிவந்து கரிசனம் காட்டினார்கள். மூன்றாவதில் தனியே விட்டார்கள். நான்காவதில் விளையாட்டுப் பொருளும் துணையும் தாராளம், வேலை ஏதும் இல்லை. 9 பேரில் 6 பேருக்கு, குறிப்பிட்ட ஏதோ ஒரு சூழலில் மட்டும் அடி கூடியது. ஒருவர் வேலையிலிருந்து தப்பிக்க அடித்துக்கொண்டார், இன்னொருவர் யாராவது பக்கத்தில் வரவேண்டும் என்று. வெளியே பார்த்தால் ஒரே அடி, உள்ளே அது செய்யும் வேலை வேறு. ஆகவே, "கையைக் கடிக்கிறான், என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டால் எந்த நிபுணராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

இரண்டு வாரக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தபோது பெரும்பாதி குளிக்கும் நேரத்தில் விழுந்திருந்தது. கடித்தால் குளியல் நிற்கிறது. சரி, அவன் கற்றுக்கொண்டான். அக்கா? அவர் விட்டுக்கொடுத்த அந்த நொடியில் முட்டல் நிற்கிறது, வீடு அமைதியாகிறது. அந்த நிம்மதி அக்காவுக்குக் கிடைக்கும் கூலி. அடுத்த முறை அவர் இன்னும் சீக்கிரம் விட்டுக்கொடுப்பார். தாயும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், இருவருக்குமே தெரியாமல். இதில் யாருடைய குற்றமும் இல்லை. சனிக்கிழமை ராத்திரி பசார் மாலாம் எனும் இரவுச் சந்தை நடுவில் பிள்ளை தரையில் உருண்டால் நீங்களும் நானும் கூட அதைத்தான் செய்வோம்.

அப்படியானால் விட்டுக்கொடுக்காமல் இருந்துவிடலாமே என்பார்கள். நம் கப்சாய் மோட்டார் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். தினமும் ஒரே உதையில் கிளம்பும் வண்டி ஒருநாள் கிளம்பவில்லை. உடனே விட்டுவிட்டு நடக்கிறோமா? நாலு உதை கூடுதலாக, பலமாக உதைக்கிறோம். நடத்தையும் அப்படியே. வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காவிட்டால் முதலில் அது ஏறும், பிறகுதான் இறங்கும். அந்த ஏற்றத்தில் பயந்துபோய் விட்டுக்கொடுத்தால், "இன்னும் ஓங்கி முட்டினால்தான் கிடைக்கும்" என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். நாலு நம்பர் லாட்டரி எடுப்பவரைப் பாருங்கள். எப்போதோ ஒருமுறை அடித்தது போதும், ஆயுசுக்கும் விடமாட்டார். தலையை முட்டும் பிள்ளையிடம் இந்தப் பிடிவாதப் போட்டி ஆபத்து. தேர்ந்தவர் துணையில்லாமல் அந்தப் பக்கமே போகக் கூடாது. சுவருக்கும் தலைக்கும் நடுவில் தலையணை வைப்பது தோல்வி ஆகாது.

அதைவிட நல்ல வழியை 1985-இல் எட்வர்ட் காரும் மார்க் டூராண்டும் காட்டினார்கள். வளர்ச்சிக் குறைபாடுள்ள 4 பிள்ளைகள். நடத்தையால் எதைப் பெறுகிறார்களோ, அதையே கேட்டு வாங்க ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தார்கள். பாடம் கடினமாக இருப்பதால் அடிக்கும் பிள்ளைக்கு "எனக்குப் புரியவில்லை", கவனம் வேண்டி அடிக்கும் பிள்ளைக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?". அடி குறைந்தது. வாக்கியத்தை மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோதோ குறையவில்லை. எனக்கு மிகப் பிடித்தது இந்தப் பகுதிதான். பொதுவாக அன்பு காட்டினால் போதும் என்ற நம் நம்பிக்கையை இது அழகாக உடைக்கிறது. பசிக்கிறவனுக்குப் போர்வை கொடுத்தால் பசி அடங்குமா?

அக்காவின் பையனுக்கு வாக்கியம் முடியாது, அதனால் ஒரு சிவப்புத் துண்டு. துண்டை அம்மா கையில் கொடுத்தால் "கொஞ்சம் நில்லு" என்று அர்த்தம். கொடுத்தவுடன் நிறுத்த வேண்டும், ஒவ்வொரு முறையும், பேரம் இல்லாமல். முதல் சில நாள் கையைப் பிடித்துக் கொடுக்க வைத்தார்கள். பிறகு நிற்கும் நேரத்துக்குப் பின் மறுபடி ஒரு மங்கு (குவளை) தண்ணீர், மறுபடி துண்டு. கூடவே குளியலையும் மாற்றினார்கள். இருட்டுக் குளியலறையில் மஞ்சள் விளக்கு, தொட்டித் தண்ணீரோடு கொஞ்சம் வெந்நீர், நேரம் 5 மணி, மங்கு அவன் கையில். யாரோ தலையில் ஊற்றும் தண்ணீரும் தானே ஊற்றிக்கொள்ளும் தண்ணீரும் ஒன்றல்ல. எப்போது விழும் என்பது தனக்குத் தெரியும். நேர்நிலை நடத்தை ஆதரவு என்று பெரிய பெயரில் சொல்வதில் முக்கால்வாசி இந்த மாதிரிச் சில்லறை வேலைதான்.

வயதானவர்களிடமும் இதே கணக்குச் செல்லும். என் பெரியம்மா 30 வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மறதி நோய் முற்றிய பிறகு விடியற்காலை 4 மணிக்கு எழுந்து கதவைப் பிடித்து இழுப்பார், தடுத்தவர் கையில் நகம் பதியும். பூட்டுப் போட்டோம், மோசமானது. விடியுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். அதனால்தான் அந்த நேரத்தில் வெட்டு. மூளையில் புது நினைவுகள் முதலில் அழிய, பழைய பழக்கம் நின்றுவிட்டது. பெரியம்மாவைப் பொறுத்தவரை பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு, நேரமாகிவிட்டது, நாங்கள் வேலையைக் கெடுக்கிறோம்.

அண்ணிதான் வழி கண்டார். விளக்கைப் போட்டு, கோப்பி ஓ கலக்கிக் கொடுத்து, "மழை பெஞ்சிருக்கு அத்தை, மரம் நனைஞ்சு கெடக்கு" என்பார். நனைந்த மரத்தை வெட்ட மாட்டார்கள் என்பது பெரியம்மாவுக்கு இன்னும் தெரியும். "அப்பன்னா இன்னிக்குச் சம்பளம் போச்சு" என்று சலித்துக்கொண்டு உட்கார்வார். இது பொய்தானே என்று கேட்பவர்கள் உண்டு. மழை இல்லாத நாளில் எனக்கும் உறுத்தியது. பிறகு அண்ணி, கதவுக்குப் பதில் ஒரு வாளியும் பால் மங்குகளும் கொடுத்துத் துடைக்கச் சொன்னார், பொய்க்கே தேவை குறைந்தது.

பகலில் எழுப்பி நிறுத்தும்போது அடிப்பது மட்டும் நிற்கவில்லை. காரணம் முழங்கால் வலி. வலிக்கிறது என்று சொல்லும் திறன் போய்விட்டால் கைதான் பேசும். நார்வேயில் 18 முதியோர் இல்லங்களில் 352 பேரிடம் நடத்திய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு 8 வாரம் முறையாக வலி மருந்து கொடுத்தார்கள். பெரும்பாலோருக்குக் கொடுத்தது பாரசிட்டமால், நாம் பனடோல் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். அவர்களிடம் கொந்தளிப்பு சராசரியாக 17 விழுக்காடு குறைந்தது. பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று இவற்றை மருத்துவர் பார்த்த பிறகுதான் 555 புத்தகமே திறக்க வேண்டும் என்பேன்.

மாத்திரை கொடுத்து அடக்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறிவுத்திறன் குறைபாடும் ஆவேசமும் உள்ள 86 பேரிடம் பீட்டர் டைரர் குழு செய்த சோதனை 2008-இல் வெளிவந்தது. இரண்டு மனநோய் மருந்துகளோடு வெற்று மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். ஆவேசம் மூன்று குழுவிலும் குறைந்தது, வெற்று மாத்திரைக் குழுவில் அதிகமாக. ஏற்கெனவே சாப்பிடும் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இது எதற்கு, எத்தனை நாளைக்கு என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

தனியாகச் சமாளிக்க வேண்டியதும் இல்லை. சமூக நல இலாகாவில் ஓகேயூ எனும் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதிந்துகொள்ளலாம். பிடிகே எனும் சமூக மறுவாழ்வுத் திட்டம் 1984-இல் திரங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கி நாடெங்கும் பரவியது. அக்காவும் பையனைக் காலையில் அங்கேதான் விடுகிறார்.

குளியல் இப்போது பெரும்பாலும் சுமுகம். புல்வெட்டும் மெஷின் சத்தம்தான் இன்னும் தீரவில்லை. அது முறுக்கினால் காதைப் பொத்திக்கொண்டு முட்ட ஆரம்பித்துவிடுகிறான், அதற்குத் துண்டு உதவாது. அக்கா போன மாதம் புல்வெட்டும் குத்தகைக்காரரின் மண்டோரை, அதாவது மேற்பார்வையாளரைப், பிடித்து நம்பர் வாங்கிவிட்டார். முந்தின நாள் ராத்திரி வாட்சாப் வருகிறது: "அக்கா, நாளைக்கு உங்க லைன்." காலையில் மோட்டாரில் பையனை ஏற்றிக்கொண்டு அவர் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்.