ஆற்றங்கரைத் திட்டம், மெட்ரோ திட்டம்: கையெழுத்து கேட்டு வந்தால் என்ன செய்ய வேண்டும்?

ஒரு நாள் உங்கள் தெருவுக்கு அளவெடுக்க ஆட்கள் வருவார்கள். ஆற்றங்கரையைச் சீரமைக்கிறோம், ரயில் பாதை வருகிறது என்பார்கள். அரசு–தனியார் கூட்டுத் திட்டம் என்றால் வந்திருப்பவர் அரசு ஊழியரா, கம்பெனி ஆளா என்றே தெரியாது. முதலில் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். நிரப்பாத படிவத்தில் கையெழுத்து போடவே போடாதீர்கள்.

அடையாற்றின் 44 கிலோமீட்டரை 1,500 கோடி ரூபாயில் இந்தக் கூட்டு முறையில் சீரமைப்பதாகத் தமிழக அரசு 2024 பட்ஜெட்டில் அறிவித்தது. தனியார் போடும் பணத்தை அவர் எப்படித் திரும்ப எடுக்கிறார் என்பது அவர்கள் கணக்கு. நமக்கு வேண்டியது 2013 நில எடுப்புச் சட்டம்.

கூட்டுத் திட்டத்துக்கு நிலம் எடுக்க 70 சதவீதக் குடும்பங்களின் சம்மதம் வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. இதை நம்பி ஊரே நிம்மதியாக இருந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கணக்கில் சேர்பவர்கள் நிலமோ வீடோ சொந்தமாக உள்ளவர்களும், அரசு இடம் ஒதுக்கித் தந்தவர்களும்தான். வாடகைக்கு இருப்பவரை யாரும் கேட்க மாட்டார்கள். அதற்காக அவருக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. நகரத்தில் 3 வருடம் அங்கே குடியிருந்தவரும், 3 வருடமாகப் பிழைப்பு அந்த இடத்தை நம்பி இருந்தவரும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். மறுவாழ்வு உதவி கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. கவுன்டரில் ‘பட்டா இருக்கா?’ என்று ஒரே கேள்வியில் திருப்பி அனுப்புவார்கள். திரும்பி வந்துவிடாதீர்கள்.

அடுத்து, நோட்டீஸில் எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டின் 1997 தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம் அல்லது 2001 நெடுஞ்சாலைச் சட்டம் என்றால் அந்த 70 சதவீதப் பேச்சே கிடையாது. சென்னை மெட்ரோவுக்கே 1997 சட்டத்தில் நோட்டீஸ் வந்திருக்கிறது. அப்போதும் இழப்பீட்டுக் கணக்கு 2013 சட்டப்படிதான்.

அந்தக் கணக்கு நகரத்தில் சந்தை மதிப்பு, அதோடு அதே அளவு ஆறுதல் தொகை. பத்திரப்பதிவுக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை மட்டும் வைத்து முடிக்கப் பார்ப்பார்கள். பக்கத்தில் கடந்த 3 வருடத்தில் நடந்த கிரயங்களில் அதிக விலைக்குப் போன பாதியின் சராசரி அதைவிட அதிகமாக இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். அந்தப் பத்திர நகல்களை நீங்களே பத்திரப்பதிவு அலுவலகத்தில் வாங்கி வையுங்கள். உங்களுக்காக யாரும் தேட மாட்டார்கள். பணம் வாங்கும்போது ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்து போடுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் கூடுதல் கேட்கும் வழி அடைபட்டுவிடும். தீர்வம், அதாவது இழப்பீடு இவ்வளவு என்ற உத்தரவு, சொல்லும் நாளில் நேரில் இருந்தால் கூடுதல் கேட்க உங்களுக்கு உள்ள அவகாசம் 6 வாரம்தான்.

மறுவாழ்வு உதவியாக நகரத்தில் வீடு இழப்பவருக்கு 50 சதுர மீட்டருக்குக் குறையாத வீடு. அந்த வீடு வேண்டாம் என்றால் குறைந்தது 1.5 லட்சம் ரூபாய். ஒரு வருடத்துக்கு மாதம் 3,000, சாமான் ஏற்றிச் செல்ல 50,000, குடியமர 50,000. இங்கே ‘ஒரு வீடு, ஒரு குடும்பம்’ என்று எழுதிக்கொண்டு போவார்கள். அது தவறு. சட்டப்படி வயது வந்த மகனும் மகளும் தனிக் குடும்பம். விதவை, விவாகரத்தான பெண், கைவிடப்பட்ட பெண் எல்லாரும் தனிக் குடும்பம்.

சரி, ஆற்றுப் புறம்போக்கில் இருப்பவர்கள்? கரையோரத்தில் பெரும்பாலோர் அவர்கள்தான். அங்கே நில எடுப்பு என்ற சொல்லே வராது. 1905 ஆக்கிரமிப்புச் சட்டத்தில் நோட்டீஸ் வரும். மாற்று வீடு என்பது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மக்கள் வாயில் இன்னும் அது குடிசை மாற்று வாரியம்தான். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, கணக்கெடுப்பு நடந்த அன்று வீட்டு வேலைக்குப் போயிருந்தார். ‘பூட்டிய வீடு’ என்று எழுதிவிட்டார்கள். பெயரைச் சேர்க்கப் போனால் ஒரு அலுவலகம் வாரியத்தைக் கைகாட்டியது, அங்கே மாநகராட்சி என்றார்கள், மாநகராட்சியில் தாசில்தாரிடம் போகச் சொன்னார்கள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போனது. கடைசியில் அவர் குடிசையும் போனது, வீடும் வரவில்லை.

அதனால் கணக்கெடுப்பு அன்று யாராவது ஒருவர் வீட்டில் இருங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை, கரண்ட் பில் எல்லாவற்றிலும் அந்த முகவரியே இருக்கட்டும். சொந்த ஊர் முகவரி இருந்தால் இப்போதே மாற்றுங்கள். கணக்கெடுப்பில் தரும் டோக்கனைப் போட்டோ எடுத்து வையுங்கள். பெயர் விட்டுப்போனால் வாய்ப்பேச்சில் முடிக்காதீர்கள். மனுவை இரண்டு பிரதி எழுதி, கலெக்டர் அலுவலகத் தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அப்புறம் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் பட்டியல் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். வீட்டை இடிக்க வருவதற்கு முன் அந்த நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.