ஐஸ் பரலுக்குள் இறங்கினால் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவில் கரையோரக் கடலில் சவுனா அறைகள் மிதக்கின்றன. உள்ளே 80, 90 பாகை செல்சியஸ் வெக்கையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கதவைத் திறந்து நேரே கடலுக்குள் குதிக்கிறார்கள். அங்கே குடியேறிய நம்மவர்களும் இப்போது போகிறார்கள். படங்கள் ஊருக்கு வருகின்றன. அதைப் பார்த்துவிட்டு முல்லைத்தீவுப் பெடியள் கேட்கிறார்கள்: பந்தடித்த உளைவு போக நாங்களும் ஐஸ் போட்ட தண்ணீர்ப் பரலுக்குள் இறங்கலாமா?

இறங்கலாம். ஆனால் உடம்பு சூட்டை எப்படிச் சமாளிக்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். அது தெரிந்தால், அந்தப் பரல் உளைவு போக்குவதைவிடப் பெரிய வேலைக்கு உதவும் என்பதும் விளங்கும்.

90 பாகைத் தண்ணீரில் கை வைத்தால் வெந்துவிடும். அதே சூட்டுக் காற்றில் மனிதர் உட்கார்ந்திருக்க முடிகிறது. காற்று அடர்த்தி குறைந்தது, அதற்குள் இருக்கும் வெப்பமும் கொஞ்சம்தான். அதோடு பின்லாந்து முறைச் சவுனாவில் காற்று நன்றாக உலர்ந்திருக்கும், வியர்வை உடனுக்குடன் ஆவியாகும். ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். சவுனாவின் சூடான கல்லில் தண்ணீர் ஊற்றியதும் சுரீரென்று சுடுவதற்குக் காரணமும் இதன் மறுபக்கம்தான்: எழுந்த நீராவி தோலில் பட்டு மறுபடி நீராகும்போது அந்த வெப்பத்தைத் தோலிலேயே இறக்கிவிடுகிறது.

இதை அறிய நமக்குச் சவுனா தேவையில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வயலில் நிற்பவரின் முதுகைப் பாருங்கள். வியர்வை வடிவது தெரியாது. சட்டையில் வெள்ளையாக உப்புக் கோடு மட்டும் இருக்கும். வியர்வை தன் வேலையைச் செய்திருக்கிறது. கடற்கரையில் காற்று விழுந்து புழுங்கும் நாளில் அதே வியர்வை சொட்டுச் சொட்டாக மணலில் விழும். சொட்டி விழும் வியர்வை குளிர்த்துவதில்லை, உடம்பில் இருக்கும் தண்ணீரும் உப்பும் போவதுதான் மிச்சம்.

சூட்டில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இரத்தம் உள்ளிருந்து தோலுக்கு ஓட, அதைத் தள்ள இதயம் வேகமாக அடிக்கிறது. சவுனாவுக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டுவது சாதாரணம். சட்டென எழுந்தால் தலைசுற்றுவது இதனால்தான். மது குடித்துவிட்டுப் போகவே கூடாது. கிழக்குப் பின்லாந்தில் 2,315 ஆண்களை 20 ஆண்டளவில் பின்தொடர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் நான்கு முதல் ஏழு தடவை சவுனா போனவர்களிடம் திடீர் இதய மரணம் வெகுவாகக் குறைந்திருந்தது. நல்ல சேதிதான். ஆனால் உடம்பு நன்றாக இருப்பவர்தான் அடிக்கடி சவுனாவுக்குப் போவார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

சரி, குளிருக்கு வருவோம். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். 15 பாகைத் தண்ணீரில் இறங்கியவுடன் தோல் குழாய்கள் சுருங்கும், நாம் கேட்காமலே மூச்சு 'ஹக்' என்று உள்ளே இழுக்கும், பிறகு வேகமாக வாங்கும். முதல் ஒரு நிமிடம்தான் மிக ஆபத்தானது. அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் இழுக்கும் மூச்சில் தண்ணீர் போகும். முகம் நனைந்தால் இதயத்தை மெதுவாக்கும் கட்டளை பிறக்கிறது; குளிர்ந்த தோலோ வேகமாக அடி என்கிறது. இரண்டும் மோதினால் இதயத் துடிப்பு தடுமாறலாம். அதனால் குதிக்காமல் மெல்ல இறங்குங்கள், மூச்சு அடங்கும்வரை முகத்தை நனைக்காதீர்கள், தனியே இறங்காதீர்கள். இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

உளைவு குறையுமா? குறையும். குளிரில் நரம்பு மெதுவாகச் செய்தி கடத்துவதால் வலி மங்குகிறது. நோர்அட்ரினலின் என்ற ஹோர்மோன் சுரப்பதால் வெளியே வந்ததும் உற்சாகமாக இருக்கும். ஆனால் பாரம் தூக்கித் தசை வளர்ப்பவர்களுக்கு இது நட்டம்: 2015இல் வந்த 12 வார ஆய்வில், பயிற்சி முடிந்ததும் குளிர்நீரில் இருந்தவர்களுக்குத் தசை குறைவாகவே வளர்ந்தது. அடுத்த நாளே இன்னொரு ஆட்டம் இருந்தால் இறங்குங்கள், இல்லாவிட்டால் ஒரு நல்ல நித்திரை போதும்.

நம் கடல் இதற்கு உதவாது, அது ஆண்டு முழுதும் 27, 28 பாகையைச் சுற்றியே நிற்கிறது. கிணற்றுத் தண்ணீரும் ஏறக்குறைய அப்படித்தான். 200 லீற்றர் பரலை 28 பாகையிலிருந்து 15க்கு இறக்க, கணக்குப் பார்த்தால் 27 கிலோ ஐஸ் வேண்டும். மீன் வியாபாரிகளுக்கு ஐஸ் கொடுக்கும் இடத்தில் வாங்கி றெஜிபோம் பெட்டியில் கொண்டுவந்துவிடலாம்.

அந்த ஐஸை நான் வேறோர் இடத்தில் பார்க்க ஆசைப்படுகிறேன்: பள்ளிக்கூட மைதானத்தில், மரதன் ஓட்டம் நடக்கும் நாளில். வெயிலில் ஓடும் பிள்ளையின் தசைகள் வெப்பத்தைப் பிறப்பித்துக்கொண்டே இருக்கின்றன. வியர்வை ஈடுகொடுக்காதபோது உடலின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டும். பிள்ளை தள்ளாடும், மாறிப் பேசும், விழும். வியர்வை இருக்கிறதே என்று ஆறுதல் அடையாதீர்கள், ஓடி விழுந்தவருக்குத் தோல் நனைந்தே இருக்கலாம். இந்த வெப்பத் தாக்கத்துக்குக் குளிர்நீரில் அமிழ்த்துவதுதான் மிகச் சிறந்த முதல் சிகிச்சை. அமெரிக்காவின் பல்மவுத் வீதியோட்டத்தில் 18 ஆண்டுகளில் 274 பேருக்கு வெப்பத் தாக்கம் வந்தது. எல்லோரையும் அங்கேயே தொட்டியில் அமிழ்த்தினார்கள், 274 பேரும் பிழைத்தார்கள்.

அரை மணி நேரத்துக்குள் உள்வெப்பம் 39 பாகைக்குக் கீழே வர வேண்டும். ஆகவே 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் குளிர்த்தத் தொடங்குங்கள். கழுத்துவரை தண்ணீருக்குள் இருக்கட்டும். அக்குளுக்குக் கீழே சாரத்தைச் சுற்றி ஒருவர் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் தலையைத் தாங்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தொட்டி இல்லையா? தண்ணீர் பவுசரின் குழாயைத் திறந்து உடம்பு முழுதும் விடாமல் ஊற்றுங்கள், விசிறுங்கள். ஐஸ் வந்து சேரும்வரை கிணற்றுத் தண்ணீரும் உதவும். 41 பாகையில் கொதிக்கும் உடம்புக்கு 28 பாகையும் குளிர்தான்.