வெண்டிலேஷன் – காற்றோட்டம்

அறைக்குள் தேங்கிய காற்றை வெளியேற்றி, வெளிக்காற்றை உள்ளே வரவிடுவதுதான் வெண்டிலேஷன். வகுப்பறைச் சூழலை மதிப்பிடும்போது வெப்பம், வெளிச்சம், இரைச்சலோடு இதையும் பார்ப்பார்கள். புழுக்கமும் இருட்டும் சத்தமும் உடனே தெரிந்துவிடும். காற்று கெட்டிருப்பது உள்ளேயே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

இலத்தீனில் 'வெண்டுஸ்' என்றால் காற்று. அதன் வழிவந்த 'வெண்டிலாரே' விசிறுதலைக் குறித்தது; தானியம் தூற்றுவதற்கும் அதுவே சொல். கதவு, ஜன்னலுக்கு மேலே வைக்கும் சிறு திறப்பை நம் கொத்தனார்கள் வெண்டிலேட்டர் என்கிறார்கள். மேலே ஏறும் சூடான காற்று அதன் வழியே போய்விடும். ஏசி மாட்டியதும் முதலில் அட்டை வைத்து அடைப்பது அதைத்தான்!

தமிழில் காற்றோட்டம் என்பதே சரியான சொல். 'காற்று வசதி' என்று எழுதினால் விசிறி மாட்டினாலே போதும் என்றாகிவிடும். விசிறி உள்ளே இருக்கும் காற்றைத்தான் சுற்றிவிடுகிறது. வழக்கமான ஸ்பிளிட் ஏசியும் அறைக்காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. ஓட்டம் என்றால் ஒரு பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் வெளியேற வேண்டும். சிலப்பதிகாரத்தில் 'மான்கண் காலதர்' என்று வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழியே காலதர். நாம் இன்று சொல்லும் ஜன்னல் போர்த்துக்கீசியச் சொல்.

சரி, ஓட்டம் இருக்கிறதா என்று எப்படி அளப்பது? 1858இல் ஜெர்மனியின் மியூனிக்கில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார அறிஞர் ஒரு வழி சொன்னார். நாம் விடும் மூச்சில் ஏறத்தாழ 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. அறையில் அது சேரச் சேர, வெளிக்காற்று போதவில்லை என்று பொருள். அவர் வைத்த எல்லை 0.1 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 1000 பங்கு. இன்று வெளிக்காற்றிலேயே சுமார் 420 பங்கு உண்டு. இங்கிலாந்தின் பள்ளிக் கட்டட வழிகாட்டி, ஜன்னல் காற்றை நம்பும் வகுப்பறைகளில் பிள்ளைகள் இருக்கும் நேரத்தின் அன்றாடச் சராசரி 1500க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது.

அளக்கும் கருவியைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் தலை உயரத்தில் வைக்க வேண்டும். ஜன்னலோரம் வைத்தால் எண் குறைத்துக் காட்டும். யாருடைய மூச்சும் நேராகப் படும் இடத்தில் வைத்தால் கூட்டிக் காட்டும். காலி வகுப்பறையில் எடுத்த அளவை வைத்துக் காற்றோட்டம் நன்று என்று எழுதவே கூடாது.